ஏழு பொன் நகரங்கள்

நமக்குப் பத்து வயதிருக்கும்போது, ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மட்டும் இங்கிலீஷ் படம் காட்டும் கொட்டகை ஒன்று நம் ஊரில் இருந்தது. படத்தில் பேசுகிற இங்கிலீஷ் ஒரு வார்த்தைகூட நமக்கு விளங்காது. விளங்காவிட்டால் என்ன? குதிரை ஓடும், வாள் சுழலும், கப்பல் வரும். இவற்றுக்கெல்லாம் பாஷை வேண்டியதில்லை அல்லவா? போதாக்குறைக்கு நம் தமையனார் பக்கத்தில் உட்கார்ந்து, தமக்குத் தெரிந்த மட்டில் அர்த்தம் சொல்லுவார். தெரியாத இடங்களில் தாமே கதை கட்டிச் சொல்லுவார். அவர் கட்டிய கதைகள் பல சமயம் படத்தைக் காட்டிலும் ரஸமாகவே இருந்தன.

அவ்விதம் பார்த்த படங்களில் ஒன்று ‘ஸெவன் ஸிட்டீஸ் ஆப் கோல்ட்’. அதாவது ஏழு பொன் நகரங்கள். ஸ்பெயின் தேசத்துப் போர்வீரர்களும் ஒரு பாதிரியாரும் பாலைவனங்களைக் கடந்து கலிபோர்னியாவுக்குப் போகிறார்கள். அங்கே உணவில்லை. சுற்றிலும் பகைவர். பட்டினியால் சாகவேண்டியதுதான், அல்லது திரும்பிப் போகவேண்டியதுதான் என்ற நிலைமையில், கடலோரத்தில் ஒரு வெள்ளைப் பாய் தெரிகிறது. உணவுக் கப்பல் வந்துவிட்டது! கொட்டகை முழுவதும் கைதட்டிற்று. நாமும் கை வலிக்கத் தட்டினோம்.

அந்தப் படத்தைச் சென்ற மாதம் மறுபடியும் பார்க்க நேர்ந்தது. கொட்டகை இன்று இல்லை, தமையனாரும் இல்லை. வீட்டுக் கூடத்திலே, பத்து வயதுப் பேத்தியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தோம். இம்முறை அர்த்தம் சொல்லும் உத்தியோகம் நமக்குக் கிடைத்தது. கடைசியில் கப்பல் வந்தது. பேத்தி கைதட்டவில்லை. சிறிது நேரம் யோசித்துவிட்டு, “தாத்தா, அந்தக் கப்பல் வராமல் போயிருந்தால் அந்த ஊர்க்காரர்களுக்கு நல்லதுதானே?” என்று கேட்டாள்.

நமக்குப் பதில் வரவில்லை. அறுபது வருஷத்துக்கு மேலாக நம் மனத்தில் அந்தக் கேள்வி எழவே இல்லையே என்ற வெட்கம்தான் வந்தது.

படத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுவோம். 1955ஆம் வருஷத்தில் ட்வென்டியத் ஸெஞ்சுரி பாக்ஸ் கம்பெனியார் வெளியிட்டது. ராபர்ட் வெப் என்பவர் டைரக்டர். ஸினிமாஸ்கோப் என்னும் அகலத் திரைக்காக மெக்ஸிகோவிலே எடுத்தார்கள். மலையும் மணலும் கடலும் கண்கொள்ளாக் காட்சிகள். பாதிரியார் ஜுனிபெரோ ஸெர்ராவாக மைக்கேல் ரென்னி நடித்திருக்கிறார். அவர் முகத்தில் உள்ள சாந்தத்தை இன்றைக்கும் குறை சொல்ல முடியாது. தளபதி போர்ட்டோலாவாக ஆண்டனி க்வின். அவர் பிறந்தது மெக்ஸிகோவில். அந்த நாட்டை அடக்கி ஆண்ட ஸ்பானியரின் தளபதி வேஷம் அவருக்கு! கலிபோர்னியாவின் பூர்வ குடிகளில் இளந்தலைவனாக வருபவர் ஜெப்ரி ஹண்டர் என்ற வெள்ளைக்கார நடிகர். தலைவனின் தங்கை ஊலாவாக வருபவரோ போர்ட்டோ ரிக்கோவில் பிறந்த ரீட்டா மொரினோ. பிற்காலத்தில் ‘வெஸ்ட் ஸைட் ஸ்டோரி’ படத்துக்காக ஆஸ்கார் பரிசு பெற்ற அந்த அம்மையார், இளமையில் தமக்குக் கிடைத்ததெல்லாம் இந்த மாதிரி வேஷங்களே என்று பல தடவை மனம் நொந்து சொல்லியிருக்கிறார்.

படத்தின் பெயரே பொருத்தமானதல்ல. பொன் நகரக் கதை 1769க்கு இருநூறு வருஷங்களுக்கும் மேல் முந்தியது. 1539இல் மார்க்கோஸ் என்ற பாதிரியார் வடதிசை சென்று, பெரிய நகரம் ஒன்றைத் தூரத்திலிருந்து கண்டதாகத் திரும்பிவந்து சொன்னார். மறு வருஷமே கொரொனாடோ என்பவர் பெரும் படையோடு புறப்பட்டார். இன்றைய நியூ மெக்ஸிகோவில் அவர் கண்டது ஸூனி ஜனங்கள் கல்லாலும் மண்ணாலும் கட்டி, சோளம் பயிரிட்டு வாழ்ந்த கிராமம்; பொன் ஒரு குன்றிமணிகூட இல்லை. ஆனால் 1769இல் ஸ்பெயின் அரசாங்கத்தார் கலிபோர்னியாவுக்கு ஆள் அனுப்பியது முக்கியமாகப் பொன்னுக்காக அல்ல. வடக்கேயிருந்து ருஷ்யர்கள் கரையோரமாக இறங்கி வந்துவிடுவார்களோ என்ற பயத்தினாலேதான்.

அந்தப் பிரயாணத்தின் கஷ்டங்களைப் பற்றிப் படம் பொய் சொல்லவில்லை. உண்மை அதைவிடக் கொடியது. ‘ஸான் கார்லோஸ்’ என்ற கப்பல் 110 நாள் கடலில் அலைந்து கரை சேர்ந்தது. காய்கனி இல்லாத நெடும் பிரயாணத்தில் ஈறு வீங்கிச் சாகடிக்கும் ஸ்கர்வி நோய் மாலுமிகளில் பெரும்பாலோரைக் கொண்டுபோயிற்று. ‘ஸான் ஹோஸே’ என்ற மற்றொரு கப்பல் என்ன ஆயிற்றென்றே தெரியவில்லை. மான்டெரே துறைமுகத்தைத் தேடி வடக்கே போன போர்ட்டோலா, அதன் கரையில் நின்றும் அதை அடையாளம் கண்டுகொள்ளாமல், வழியில் கோவேறு கழுதைகளைக் கொன்று தின்று திரும்பினார். உணவுக் கப்பல் 1770 மார்ச்சு 19ந் தேதிக்குள் வராவிட்டால் எல்லோரும் ஊர் திரும்புவதென்று முடிவாயிற்று. ஸெர்ரா ஒன்பது நாள் ஜபம் செய்தார். கடைசி நாளில் பாய் தெரிந்தது. ஆக, நாம் கைதட்டிய காட்சி நடந்த காட்சிதான்.

ஸெர்ராவும் சாமான்ய மனிதரல்லர். மஜோர்க்கா தீவில் 1713இல் பிறந்தவர். ஆறாத புண் வைத்த காலோடு நூற்றுக்கணக்கான மைல் நடந்தவர். வழியில் வலி தாங்காமல் போனபோது, கோவேறு கழுதைக்குப் போடும் மருந்தையே தமக்கும் போடும்படி கழுதைக்காரனைக் கேட்டுப் போட்டுக்கொண்டார் என்று அவருடைய நண்பர் எழுதி வைத்திருக்கிறார்.

அந்த நண்பரே எழுதிய இன்னொரு சம்பவமும் உண்டு. ஸான் டியாகோவில் குமியாய் ஜனங்களில் ஒருவர் ஒரு குழந்தையை ஞானஸ்நானத்துக்கென்று கொண்டுவந்தார். ஸெர்ராவுக்குப் பெருமகிழ்ச்சி. குழந்தைக்குப் புதுத் துணி போர்த்தி, தலையில் தீர்த்தம் விடக் கையைத் தூக்கினார். அந்தக் கணத்தில் அவர்கள் குழந்தையைப் பறித்துக்கொண்டு ஓடிவிட்டார்கள். தம்முடைய பாவமே காரணம் என்று ஸெர்ரா வருந்தினாராம். முதல் வருஷம் முழுவதும் ஒருவர்கூட ஞானஸ்நானம் பெறவில்லை. இந்தக் காட்சி படத்தில் இல்லை. இருந்திருந்தால், அந்த ஜனங்கள் தங்கள் விருப்பத்தைச் சொன்ன காட்சியாக இருந்திருக்கும்.

படத்தில் இருப்பதோ வேறு. மென்டோஸா என்ற போர்வீரன் ஊலாவைக் காதலிக்கிறான். அவன் தன்னை விட்டுப் போகப்போகிறான் என்று அறிந்த அவள் மலையிலிருந்து விழுந்து இறக்கிறாள். அவள் தமையன் பழி கேட்கிறான். மென்டோஸா தானாகவே போய் உயிரைக் கொடுத்து எல்லோரையும் காப்பாற்றுகிறான். ஜனங்கள் கண்ணீர் விடுகிறார்கள். யாருக்காக? மென்டோஸாவுக்காக!

நடந்தது என்ன? 1772இல் ஸான் டியாகோவிலிருந்த பாதிரியார் லூயிஸ் ஹயூமே, சிப்பாய்கள் கிராமங்களில் புகுந்து பெண்களைப் பலாத்காரம் செய்கிறார்கள் என்று மேலிடத்துக்கு மனம் கொதித்துக் கடிதம் எழுதினார். சிப்பாய்களை அடக்கவேண்டுமென்று ஸெர்ராவும் 1773இல் மெக்ஸிகோ நகரம் சென்று ராஜப்பிரதிநிதியிடம் முறையிட்டார். 1775 நவம்பரில் குமியாய் ஜனங்கள் நூற்றுக்கணக்கில் திரண்டு மடத்தைக் கொளுத்தினார்கள். அவர்களுக்காகக் கடிதம் எழுதிய ஹயூமே அன்றிரவு அவர்கள் கையாலேயே மாண்டார். குற்றவாளிகளைக் கொல்ல வேண்டாம் என்று ஸெர்ரா கேட்டுக்கொண்டார்.

நம் தமையனார் தெரியாத இடத்தில் கதை கட்டினார். படம் எடுத்தவர்கள் தெரிந்திருக்கக்கூடிய இடத்திலே கட்டியிருக்கிறார்கள். பெரும் பாதகம் ஒன்று திரையிலே காதலாகிவிட்டது. கெடுதி செய்தவன் தியாகியாகிவிட்டான்.

1823க்குள் அந்தக் கரையில் 21 மடங்கள் எழுந்தன. ஞானஸ்நானம் பெற்றவர் அனுமதியின்றி மடத்தை விட்டுப் போகக்கூடாது. போனால் சிப்பாய்கள் பிடித்துவருவார்கள், சவுக்கடி கிடைக்கும். அம்மையும் வேறு தொற்று நோய்களும் கூட்டங் கூட்டமாய் வாரிக்கொண்டு போயின. பிறகு 1848இல் கலிபோர்னியாவில் உண்மையாகவே பொன் அகப்பட்டது. அதைத் தேடி வந்த அமெரிக்கர்கள் செய்த கொலைகளுக்கு முன்னால் ஸ்பானியர் காலம் தேவலை என்று ஆயிற்று. 1769இல் சுமார் 3 லட்சம் என்று மதிக்கப்படும் பூர்வ குடிகள், 1870இல் சுமார் 30 ஆயிரமாகக் குறைந்திருந்தார்கள். ஆனாலும் அழிந்துவிடவில்லை. குமியாய் ஜனங்கள் அமெரிக்க, மெக்ஸிகோ எல்லையின் இருபுறத்திலும் இன்றும் வாழ்கிறார்கள்.

2015இல் ஸெர்ராவுக்குப் போப்பாண்டவர் அர்ச்சிஷ்டர் பட்டம் அளித்தார். 2020இல் ஸான் பிரான்ஸிஸ்கோவிலும் லாஸ் ஏஞ்ஜலிஸிலும் அவருடைய சிலைகளை ஜனங்கள் இழுத்துத் தள்ளினார்கள். அவர் உள்ளத்தை அளந்து தீர்ப்புச் சொல்ல நமக்குத் தகுதியில்லை. நல்லவரான ஒருவர் கொடுமையான ஏற்பாட்டுக்கு முன்னணியில் நடக்கக்கூடும் என்பது மட்டும் தெரிகிறது.

நம்மை உறுத்துவது நம்முடைய கைதட்டல்தான். அந்நியக் கப்பல்கள் வந்ததன் பலனை அநுபவித்து, 1947இல் விடுதலை பெற்ற தேசத்தின் குழந்தைகள் நாம். எனினும் அந்தக் கொட்டகையில் ஒரு பிள்ளைக்காவது கரையில் நின்றவர்கள் பக்கம் மனம் போகவில்லை. ஏன்? படம் முழுவதும் காமிரா வந்தவர்களோடேயே நடந்தது; அவர்கள் பசித்தால் நமக்குப் பசித்தது; அவர்கள் கடலைப் பார்த்தால் நாமும் பார்த்தோம். நம்முடைய சொந்த அநுபவத்தைக்கூட ஒன்றே முக்கால் மணி நேரத்தில் மறக்கச் செய்யும் சக்தி ஒரு நல்ல படத்துக்கு இருக்கிறது.

ஆகவே, இத்தகைய படங்களைக் குழந்தைகளுக்குக் காட்டக்கூடாது என்று நாம் சொல்லமாட்டோம். பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். அவர்கள் கேட்கும் கேள்வியை அலட்சியம் செய்யாதீர்கள் என்றே சொல்லுவோம்.

குழந்தையைப் பறித்துக்கொண்டு ஓடியவர்களின் கதையை அன்றிரவு பேத்திக்குச் சொன்னோம். “அப்புறம் அந்தப் பாப்பா என்ன ஆச்சு, தாத்தா?” என்றாள். அதைப் பற்றி அந்தப் பாதிரியாரின் நண்பர் ஒன்றும் எழுதவில்லை என்றோம். நம் தமையனாராயிருந்தால் உடனே ஒரு கதை கட்டியிருப்பார். நாம் கட்டவில்லை.