நிழலுக்குப் பழக்குகிறவர்கள்

பழைய மகாபலிபுரம் சாலையின் மென்பொருள் அலுவலகங்களுக்குச் செடிகளை வாடகைக்கு விடுகிற நண்பர் ஒருவர் எனக்கு இருக்கிறார். வரவேற்பு மேசைக்குப் பக்கத்திலும் லிஃப்ட் வாசலிலும் பளபளவென்று நிற்கும் தொட்டிகளில் பல இப்படி வாடகைக்கு வந்தவைதான். ஒருநாள் குடைச்செடியைப் பற்றிப் பேச்சு வந்தது. வாங்கி வைத்த மாதத்திலேயே கொத்துக்கொத்தாக இலை உதிர்க்கிறது என்று யாரைக் கேட்டாலும் புலம்புகிறார்களே என்றேன். "தண்ணி ஊத்துறவனுக்கும் அதுக்கும் பெரிசா சம்பந்தம் இல்லப்பா. அந்தச் செடி இலை கொட்டுமா கொட்டாதான்னு கடியத்துலயே முடிவாயிடும்" என்றார். யார் முடிவு செய்கிறார்கள் என்று கேட்டேன். தனக்குச் சரக்கு அனுப்பும் தோட்டத்தின் விலாசத்தைக் கொடுத்து, போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னார்.

கடியம் ஆந்திராவில் கோதாவரிக் கரையில், ராஜமகேந்திரவரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. சென்னையிலிருந்து ஓரிரவு ரயில். 1847இல் தொடங்கி 1852இல் ஆர்தர் காட்டன் கட்டி முடித்த தவளேஸ்வரம் அணைக்கட்டின் வாய்க்கால் தண்ணீர்தான் இந்த ஊர்ப் பக்கத்தை வளர்த்தது. முதலில் பூ, பிறகு பழக்கன்று, இப்போது வீட்டுக்குள் வைக்கும் செடிகள். தேசிய நெடுஞ்சாலையில் கடியபுலங்கா வந்ததும் சாலையின் இருபுறமும் நர்சரிப் பலகைகள் ஆரம்பிக்கின்றன. முடிகிற இடம் கண்ணுக்குத் தெரியவில்லை. லாரிகள் பின்கதவைத் திறந்து போட்டுக்கொண்டு வரிசையாக நிற்கின்றன. நாட்டின் எந்த மூலையில் கல்யாண மண்டபமோ ஓட்டலோ திறந்தாலும் அதன் பச்சையில் ஒரு பங்கு இங்கிருந்து போனதாக இருக்கும்.

என்னைச் சுற்றிக் காட்ட வந்தவர் ஐம்பது வயது தாண்டிய ஒரு பெண்மணி. தோட்டத்தில் எல்லோருக்கும் அவர் அக்கா. எனக்கும் அப்படியே ஆனார். பாட்டி வீட்டில் கற்ற என் அரைகுறைத் தெலுங்கைக் கேட்டுச் சிரித்துவிட்டு, அதற்கேற்ற வேகத்தில் பேசினார். கோனசீமாவில் பிறந்தவர். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தபோது கிடைத்த வேலை கனகாம்பரம் பறிப்பது. பூ வயல்கள் செடித் தொட்டிகளானபோது அவரும் கூடவே மாறினார். வீட்டுக்காரர் இறந்த பிறகு இரண்டு பெண்களையும் கட்டிக்கொடுத்தது இந்தக் கூலியில்தான். அந்தக் கதையைச் சொல்லும்போதும் கை நிற்கவில்லை. வாளியில் கிடந்த தண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, கணுவுக்குக் கீழே சாய்வாக ஒரு வெட்டு, கீழ் இலைகளைக் கிள்ளி எறிந்துவிட்டு கோகோபீட் நிரப்பிய குழித்தட்டில் ஒரு செருகல்.

செடியின் பூர்வீகத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் வீடுகளில் அதிகம் இருக்கும் சின்ன இலைக் குடைச்செடி தைவானையும் ஹைனான் தீவையும் சேர்ந்தது. ஒரு காம்பின் நுனியில் ஏழெட்டு இலைகள் குடைக் கம்பிகளைப் போல விரியும். பெரிய இலைக்காரர் வட ஆஸ்திரேலியா, நியூ கினி மழைக்காட்டுவாசி. புளோரிடாவிலும் ஹவாயிலும் காட்டுக்குள் புகுந்து களையாகவே ஆகிவிட்டார். இரண்டையும் ஷெஃப்லெரா என்றுதான் நர்சரிகளில் சொல்கிறார்கள். தாவரவியலாளர்கள் 2020இல் சின்ன இலைச் செடியையும் அதன் ஆசிய உறவினர் பலவற்றையும் ஹெப்டாப்ளூரம் என்று வேறு பேரினத்துக்கு மாற்றிவிட்டார்கள். கடியத்துக்கு அந்தச் செய்தி தேவைப்படவில்லை. நீலகிரிச் சோலைக்காடுகளிலும் இந்தக் குடும்பத்து மரங்கள் உண்டு. நமக்கு இங்கே முக்கியம் ஒன்றுதான். இவை பிறந்த காட்டில் பல நேரம் இன்னொரு மரத்தின் கிளைக் கவட்டில் முளைத்து, மேலிருக்கும் இலைக்கூரையின் நிழலிலேயே வளரத் தொடங்குகின்றன. நிழல் இதன் பிறவிக்கு அந்நியமானதல்ல. வெயிலில் வளர்ந்ததில் மறந்துபோன நிழலை மறுபடி நினைவூட்ட வேண்டும், அவ்வளவுதான்.

அக்காவின் விரல் இடுக்குகள் சிவந்து தோல் உரிந்திருந்தன. இந்தச் செடியின் சாறு பட்டால் சிலருக்கு அரிப்பு வரும். அதில் இருக்கும் ஃபால்காரினால் என்ற பொருள் தோல் ஒவ்வாமையைக் கிளப்பக்கூடியது. கையுறை இல்லையா என்றேன். "போட்டா கணு விரலுக்குத் தெரியாது பாபு" என்றார். ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வாராம். மெல்லிய ரப்பர் கையுறை என்று ஒன்று உலகத்தில் இருப்பதை முதலாளியிடம் யாராவது சொல்லியிருக்கலாம்.

மஞ்சள் தெளித்த இலை வகைகளுக்குத் தனிப் பாத்தி. கோல்ட் கேப்பெல்லா, டிரினெட் போன்றவற்றை விதை போட்டுக் கொண்டுவர முடியாது, தண்டு நட்டால்தான் அதே நிறம் வரும். அப்போதும் நடுவில் திடீரென்று ஒரு முழுப் பச்சைக் கிளை எழும். அதில் பச்சையம் அதிகம், அதனால் வேகமும் அதிகம். விட்டுவைத்தால் சில மாதத்தில் மஞ்சளை அமுக்கிவிட்டுச் செடி முழுக்கப் பச்சையாகிவிடும். அக்கா பேசிக்கொண்டே நடக்கையில் அப்படிப்பட்ட கிளைகளை அடியோடு ஒடித்துப் போட்டுக்கொண்டு வந்தார். வீட்டில் வளர்ப்பவர்களும் இதைத் தயங்காமல் செய்ய வேண்டும். உரக் கலவை, மண் விகிதம், மருந்தடிக்கும் கணக்கு பற்றித் தோட்டத்து மேஸ்திரி விரிவாக விளக்கினார். அது எந்தத் தோட்டக்கலைப் புத்தகத்திலும் கிடைக்கும். இங்கே தாண்டிப் போகிறேன்.

நான் பார்க்க வந்தது பின்பக்கம் இருந்தது. தென்னந்தோப்பின் ஓரமாகக் கம்பங்கள் நட்டு, மேலே பச்சை வலை இழுத்துக் கட்டிய கொட்டகை. உள்ளே நுழைந்ததும் வெயில் சட்டென்று இறங்கிவிடுகிறது. இந்த வலை சதவீதக் கணக்கில் விற்பனையாகிறது. ஐம்பது என்றால் வெளிச்சத்தில் பாதியைத் தடுக்கும், எழுபத்தைந்து என்றால் முக்கால் பங்கை. வலை வருவதற்கு முன்னால் தென்னங்கீற்றுப் பந்தல்தான். கீற்று காய்ந்து உதிர உதிர நிழல் ஓட்டையாகும், செடி ஒரு பக்கம் வெந்துபோகும். பந்தல் மேய்ந்த காலத்தை அக்கா ஏக்கத்தோடு சொல்லவில்லை, சலிப்போடுதான் சொன்னார்.

கொட்டகையில் மூன்று அறை. முதலாவதில் ஐம்பது சத வலை, அடுத்ததில் எழுபத்தைந்து, கடைசியில் எழுபத்தைந்தின் மேலேயே இன்னொரு எழுபத்தைந்து. வெயிலில் வளர்ந்த செடி ஒவ்வொரு அறையாக நகர்ந்து உள்ளே போகிறது. இதன் கணக்கைப் பார்க்கலாம். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளந்தால், உச்சிவெயில் சுமார் 1,00,000 லக்ஸ். எழுபத்தைந்து சத வலைக்குக் கீழே 25,000. இரட்டை வலைக்குக் கீழே 6,000 சொச்சம். நம் அலுவலக மேசையின் மேல் விழும் வெளிச்சமோ 300 முதல் 500 லக்ஸ். அறை பிரகாசமாக இருப்பதாக நமக்குப் படுவது கண்பாவை விரிந்து சரிக்கட்டிக்கொள்வதால். இலைக்கு அந்த வித்தை தெரியாது.

வெயிலில் வளர்ந்த இலை தடித்தது, சிறியது, அதைப் பராமரிக்கவே நிறைய உணவு செலவாகும். அதை நேராகக் குளிர்சாதன அறைக்குள் கொண்டுபோய் வைத்தால் வரவு விழுந்துவிடும், செலவு அப்படியே நிற்கும். செலவைக் குறைக்கச் செடிக்குத் தெரிந்த ஒரே வழி இலையைக் கழற்றுவது. நிழலில் விட்ட புது இலை மெல்லியது, அகலமானது, கரும்பச்சை. கொஞ்ச வெளிச்சத்திலேயே தன் பாட்டைப் பார்த்துக்கொள்ளும். புளோரிடாவில் அபாப்கா ஆராய்ச்சி நிலையத்தில் சார்லஸ் கோனோவரும் ரிச்சர்ட் பூலும் 1970களில் இதைச் சோதித்து எழுதினார்கள். விற்பனைக்கு முன்னால் பல வாரம் நிழலில் பழக்கிய செடி உள்ளறையில் தாக்குப்பிடிக்கிறது, பழக்காதது உதிர்க்கிறது.

அக்கா லக்ஸ் மீட்டரைக் கண்டதில்லை. ஒரு இலைக்கு மேலே ஒரு முழ உயரத்தில் உள்ளங்கையை விரித்தார். விரல்களின் நிழல் வெட்டினாற்போல் விழுந்தால் வெளிச்சம் இன்னும் அதிகம். ஓரம் கலங்கித் தெரிந்தால் சரி. நிழலே விழவில்லை என்றால் செடியை அங்கே வைக்காதே. அடுத்து தளிரைப் பார்ப்பார். நிழல் அறைக்கு வந்த பிறகு விடும் முதல் தளிரை நம்ப மாட்டார். அது வெயிலில் சேர்த்த பலத்தில் வந்தது என்பார். இரண்டாவது தளிர் விட்டு அது முற்றினால்தான் செடி தேறியது என்று அவர் கணக்கு. அந்த அறைகளில் தண்ணீரையும் அவரே ஊற்றுகிறார், வேறு யாரையும் விடுவதில்லை. நிழலில் மண் காய நாளாகும். பழைய பழக்கத்தில் தினமும் ஊற்றினால் வேர் அழுகும்.

இத்தனை நுணுக்கத்துக்கும் அவருக்குக் கிடைப்பது தொட்டி தூக்குகிற பெண்ணுக்குக் கிடைக்கும் அதே நாள் கூலி. ஆணின் கூலி அதைவிட அதிகம். கொட்டகை பாதி காலியாகக் கிடந்தது. ஏன் என்று மேஸ்திரியைக் கேட்டேன். தரகர்கள் வெயில் பாத்தியிலிருந்தே ஏற்றிக்கொண்டு போய்விடுகிறார்களாம். வெயிலில் வளர்ந்த செடி கட்டுமஸ்தாக, நெருக்கமாக, பார்வைக்கு எடுப்பாக இருக்கும். நிழலில் பழகியது கொஞ்சம் நெகிழ்ந்து தெரியும். வாங்குபவரின் கண் முதலாவதைத்தான் எடுக்கும். ஆக, கடையில் மிக அழகாக நிற்கும் செடிதான் வீட்டில் முதலில் கொட்டும் செடி. நிழலில் வைக்கும் வாரங்களுக்கு இடமும் தண்ணீரும் ஆளும் செலவு. அதற்கென்று ஒரு ரூபாய் கூடுதலாகத் தரவும் தரகர் தயாரில்லை. கடியத்தில் செடிக்குக் கொடுக்கும் விலையில் சென்னையில் அதை வைக்கும் பீங்கான் தொட்டியைக்கூட வாங்க முடியாது. நடுவில் கைமாறும் ஒவ்வொருவரும் தன் பங்கை எடுத்துக்கொள்கிறார், செடியைப் பழக்கும் பொறுப்பை மட்டும் அடுத்தவர் தலையில் தள்ளிவிடுகிறார். கடைசியில் அது வந்து விழுவது வாங்கியவர் தலையில். அவரோ தன் கை ராசியில்லாத கை என்று நொந்துகொள்கிறார்.

திரும்பி வந்து நண்பரிடம் கொஞ்சம் காரமாகவே கேட்டேன். அவரும் அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணிதானே. அவர் கோபப்படவில்லை. அலுவலகத்தோடு போடும் ஒப்பந்தத்தில், வாடிய செடியை மாற்றித் தருவதும் வாடகையிலேயே அடக்கம். கொட்டியதை எடுத்துவந்து தன் கொட்டகையில் தேற்றுவார், தேறாததை எறிவார், புதிதாக ஒரு லாரி வரவழைப்பார். "பழக்கின செடி வேணும்னு இதுவரைக்கும் ஒரு கம்பெனிகூட கேட்டதில்ல. கேட்டா அக்காகிட்ட இருந்தே வாங்கித் தரேன்" என்றார். சாவை வாடகையில் சேர்த்த தொழில் இது. அதில் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது, நியாயம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

கடைக்காரர்கள் சொல்லும் ஒரு கதையையும் நம்ப வேண்டாம், செடி அறைக் காற்றைச் சுத்தம் செய்யும் என்பது. அதற்கு ஆதாரமாகச் சொல்லப்படும், நாசா 1989இல் வெளியிட்ட ஆய்வு மூடிய சிறு பெட்டிக்குள் நடந்தது. ட்ரெக்செல் பல்கலைக்கழகத்தின் கம்மிங்ஸும் வாரிங்கும் 2019இல் பழைய சோதனைகளை மறுபடி கணக்கிட்டார்கள். சாதாரணக் காற்றோட்டம் செய்யும் வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமென்றால் ஒரு சதுர மீட்டர் தரைக்குக் குறைந்தது பத்துச் செடி வேண்டும், ஆயிரம்வரைகூடத் தேவைப்படலாம் என்று வந்தது. ஜன்னலைத் திறந்து வைப்பது மலிவு. குடைச்செடியைக் கண்ணுக்கு அழகு என்று வாங்குங்கள், போதும்.

வாங்கியதும் ஜன்னலிலிருந்து இரண்டடிக்குள், நேர் வெயில் படாத இடத்தில் வையுங்கள். அக்காவின் உள்ளங்கைச் சோதனையை அங்கே செய்து பாருங்கள். மேல்மண் ஓர் அங்குலம் காய்ந்த பிறகே தண்ணீர். தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். வாரத்துக்கொரு முறை தொட்டியைக் கால் வட்டம் திருப்பினால் செடி ஒரு பக்கமாகச் சாயாது. ஈரத் துணியால் இலையைத் துடைக்கும்போது அடிப்பக்கத்தையும் பாருங்கள். மாவுப்பூச்சி, செதில் பூச்சி, சிலந்திப்பேன் மூன்றும் அங்கேதான் குடியிருக்கும். நெட்டையாகப் போனால் தலையைக் கிள்ளுங்கள், பக்கக் கிளை வரும். வீட்டில் நாயோ பூனையோ இருந்தால் எட்டாத இடத்தில் வையுங்கள், இலையில் இருக்கும் கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் அவற்றின் வாயைப் புண்ணாக்கும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் கடைக்காரரிடம் ஒன்றைக் கேளுங்கள்: இந்தச் செடி நிழலில் எத்தனை வாரம் இருந்தது? பதில் சொல்லத் தெரியாத கடையில் வாங்காதீர்கள். தெரிந்தவர் அந்த வாரங்களுக்கும் சேர்த்துக் கொஞ்சம் கூடக் கேட்டால், பேரம் பேசாமல் கொடுங்கள்.