பிழைக்க வந்தவர் ஆடிய பந்து

இராமாபுரத்தில் நம் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள் சிலர் ஆர்சனல் கழகத்தின் சிவப்புச் சட்டையை அணிந்து திரிகின்றனர். அச்சட்டை சிவந்த கதையை அவர்களுள் எத்துணைப் பேர் அறிவர்?

1886ஆம் ஆண்டில் வூல்விச் படைக்கலத் தொழிற்சாலையின் தொழிலாளர் தொடங்கிய கழகம் அது. முன்னின்ற டேவிட் டான்ஸ்கின் ஸ்காட்லாந்திலிருந்து வந்தவர். தோழர் 15 பேர் ஆளுக்கு ஆறு பென்ஸ் தந்தனர், டான்ஸ்கின் மூன்று ஷில்லிங் சேர்த்தார், பந்து வாங்கினர். சட்டைக்கு வழியில்லை. நாட்டிங்காமிலிருந்து வேலைக்கு வந்திருந்த பியர்ட்ஸ்லி முதலியோர் தம் பழைய கழகத்தை வேண்ட, அங்கிருந்து சிவப்புச் சட்டைகள் வந்தன. இரவல் சட்டையின் நிறமே இன்றளவும் அக்கழகத்தின் நிறம்.

ஊர்விட்டு வந்தவர் ஒன்றுகூடுவது நமக்குப் புதிதன்று. 1809இல் பெங்களூர்த் தண்டு அமைந்தபின், சென்னை மாகாணப் பட்டாளத்தைத் தொடர்ந்து தமிழரும் அங்கே குடியேறினர். பந்தாட்டம் அங்கும் பட்டாளத்தார் கொணர்ந்ததே. 1891இல் பம்பாயில் தொடங்கிய ரோவர்ஸ் கோப்பையை நெடுங்காலம் பட்டாள அணிகளே கொண்டு சென்றன. 1937இல் பெங்களூர் முஸ்லிம்ஸ் கழகம் அதனை வென்றது. பட்டாளம் சாராத அணியொன்று அக்கோப்பையை ஏந்தியது அதுவே முதன்முறை. மறு ஆண்டும் அவர்களே வென்றனர்.

பிறகு வந்தது 1948, சூலை 31. இலண்டன் ஒலிம்பிக்கில் இந்தியா பிரான்சை எதிர்த்தது. நம்மவருள் பெரும்பாலோர் வெறுங்காலினர். இரண்டு தண்ட உதைகள் வீணாயின. ஆயினும் மைசூர் அணியைச் சேர்ந்த சாரங்கபாணி ராமன் பந்தை வலைக்குள் செலுத்திச் சமன் செய்தார். (பெயரைக் கேட்டாலே நம் வீட்டுப் பிள்ளை போல் தோன்றுகிறதன்றோ!) ஆட்டம் முடியும் தறுவாயில் பிரான்சு மற்றொன்று போட்டு 2-1 என வென்றது. ஆட்டம் நிகழ்ந்த இல்ஃபோர்டு, டான்ஸ்கின் பந்து வாங்கிய வூல்விச்சிலிருந்து ஆற்றைக் கடந்தால் சில கல் தொலைவே.

1911இல் மோகன் பகான் வெள்ளைப் பட்டாளத்தை வென்ற நாளை வங்கத்தார் இன்றும் கொண்டாடுகின்றனர். ராமனின் பெயரோ நம் பிள்ளைகளின் செவிக்கு எட்டவில்லை. தண்டுப் பகுதியிலும் கோலார் தங்கவயலிலும் பந்தாடிய உறவினர் நம்முள் பலர்க்கு உண்டு. பெட்டியடியில் பழைய அணிப்படம் கிடப்பின், அதன் பின்புறத்தில் பெயர்களை எழுதி வைக்குமாறு வேண்டுகிறோம். நிற்பவர் யார், அமர்ந்திருப்பவர் யார் என்று சொல்ல வல்ல முதியோர் சிலரே எஞ்சியுள்ளனர்.