கேட்காமல் விட்டுவிடாதே, தம்பி

மதுரை,
ஞாயிறு இரவு.

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று நீ போனில் சொன்னதிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. "கார் கூரையில ஒரு குழி, பின்னாடி ஆன்டெனா உடைஞ்சிருச்சு, அவ்வளவுதான்க்கா, விடு" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றினாய். பாப்பா பின்சீட்டில்தான் இருந்தாள் என்பதை உன் மனைவி போனை வாங்கிச் சொன்னாள். பார்க்கிங் கேட்டின் கம்பம் விழுந்தது அவள் தலைக்கு நேர் மேலே. தகடு தாங்கிக்கொண்டது. அதே இடத்தில் உனக்கு முன்னால் போன பைக்காரர் மாட்டியிருந்தால் எந்தத் தகடு தாங்கியிருக்கும்?

போனில் பேசினால் "சரிக்கா, சரிக்கா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

மூன்று வருஷத்துக்கு முன் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனபோது எனக்கும் இதே நடந்தது. வெளியே வரும்போது பேரியர் டிக்கி மேல் விழுந்தது. அம்மா மருந்து மயக்கத்தில் இருந்தார்கள், பின்னால் ஏழெட்டு வண்டி ஹாரன் அடித்தது. "பார்த்துப் போகக்கூடாதாம்மா" என்று அங்கிருந்தவர் என்னையே கேட்டார். நான் பதில் சொல்லாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். டிங்கரிங், பெயிண்டிங் எல்லாம் இன்சூரன்ஸில் பார்த்துக்கொண்டோம். மறு வருஷம் பாலிசி புதுப்பிக்கும்போது நோ க்ளெய்ம் போனஸ் போய்விட்டதைப் பார்த்துத்தான் எனக்கு உறைத்தது. அடுத்தவர் இயந்திரம் செய்த தவறுக்கு நான் பணம் கட்டிக்கொண்டிருக்கிறேன். அப்போதுதான் போய்க் கேட்டேன். கேமராப் பதிவு எப்போதோ அழிந்துவிட்டது என்றார்கள். அன்றைக்கே ஒரு தாள் எழுதிக் கொடுத்திருந்தால் அழிந்திருக்காது. அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை, உனக்கும் அது வர வேண்டாம்.

முதலில், உன் மனசில் இருக்கிற சந்தேகத்தைச் சொல்லிவிடுகிறேன். "நான் கம்பத்துக்குக் கீழே நிறுத்தினது தப்போ?" என்று கேட்டாய். நீ பணம் கட்டினாய், கம்பம் மேலே போனது, வண்டியை எடுத்தாய். ரோட்டில் ஆட்டோ குறுக்கே வந்ததால் நிறுத்தினாய். நிறுத்தாமல் வேறென்ன செய்திருக்க முடியும்? உன் அத்தானுடைய நண்பர் ஒருவர் இந்த கேட்டுகளைப் பொருத்தும் வேலையில் இருக்கிறார். இன்று மதியம் அவரைக் கூப்பிட்டு விவரம் கேட்டேன். கம்பத்துக்கு நேர் கீழே தரையை அறுத்து, செம்புக் கம்பியைச் சுருளாகப் புதைத்திருப்பார்களாம். 'லூப்' என்கிறார்கள். அதன் மேல் வண்டியின் இரும்பு நிற்கும்வரை சுருளின் மின்தன்மை மாறி இருக்கும். அந்த மாற்றம்தான், கம்பத்தை இறக்காதே என்று கேட்டின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குச் சொல்லும். இது போக, இரண்டு பக்கமும் கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கதிர் வைப்பது உண்டு, குறுக்கே ஏதாவது இருந்தால் இறங்குகிற கம்பம் திரும்பி மேலே போகும். லூப் அறுந்துபோய், சரி செய்யக் காசு செலவழிக்காமல், இத்தனை நொடியில் தானாக மூடு என்று டைமரை மட்டும் நம்பி ஓட்டுகிற இடங்களும் இருக்கின்றனவாம். அங்கே கீழே வண்டி நிற்கிறதா, குழந்தை நிற்கிறதா என்று கம்பத்துக்குத் தெரியாது. நொடிக்கணக்கு முடிந்ததும் இறங்கிவிடும்.

உன் இடத்தில் எது பழுது என்று எனக்குத் தெரியாது. ஆனால் வண்டி அடியில் நிற்கும்போது இறங்கியது என்றால் காவல் செய்ய வேண்டிய ஏதோ ஒன்று அன்று வேலை செய்யவில்லை. டெல்லி சாந்தினி சவுக்கில் மணிக்கூண்டு இடிந்து ஆட்கள் இறந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1966-ல் தீர்ப்புச் சொன்னது. பழுது வெளியே தெரியவில்லை என்று மாநகராட்சி சொன்னதை ஏற்கவில்லை. மக்கள் நடக்கும் வழியில் ஒன்றை நிறுத்தி வைத்திருப்பவர்தான் அதைப் பார்த்துப் பராமரிக்க வேண்டும் என்றது. அங்கே போனது உயிர், இங்கே ஒரு கூரைத் தகடு. ஆனால் பொறுப்பு யாருடையது என்ற கேள்விக்கு விடை ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

அடுத்தது அந்த செக்யூரிட்டி அண்ணன். நீ கேட்காமல் வந்ததற்கு உண்மையான காரணம் அவர்தான், எனக்குத் தெரியும். "சார், மேல சொல்லாதீங்க, என் சம்பளத்துல பிடிச்சிருவாங்க" என்றாராம். பன்னிரண்டு மணி நேரம் புகையில் நிற்கிற மனுஷன், ஊரில் பிள்ளைகள் படிக்கும். உன் மனசு இளகியதில் எனக்குப் பெருமைதான். நம் அப்பாவும் அப்படித்தான் செய்திருப்பார். ஆனால் ஒன்று யோசி. நீ பேசாமல் வந்ததால் அவர் தப்பித்தாரா? அந்தக் கம்பம் நாளைக்கும் விழும். நாளை வருகிறவர் அவர் சட்டையைப் பிடிப்பார். "இப்பல்லாம் அடிக்கடி இப்படித்தான் விழுது சார்" என்று அவரே சொன்னாரே, அப்படியானால் எத்தனை பேரிடம் அவர் ஏச்சு வாங்கியிருப்பார்!

ஆகவே நஷ்டத்தைக் கேட்டு நீ எழுதப்போகிற கடிதத்தில் அவர் பெயரே வர வேண்டாம். அதற்குப் பதில் ஒரு வரியைத் தெளிவாகப் போடு: "இது பணியாளரின் தவறு அல்ல, இயந்திரப் பராமரிப்புக் குறைபாடு." இந்த வரி உனக்கும் பலம், அவருக்கும் காவல். கூலியில் நஷ்டத்தைப் பிடிப்பதானால் அது அந்தப் பணியாளரின் கவனக்குறைவால் நேரடியாக வந்ததாக இருக்க வேண்டும், விளக்கம் கேட்காமல் பிடிக்கக் கூடாது என்பது 1936-ம் வருஷத்துச் சம்பளப் பட்டுவாடாச் சட்டக் காலத்திலிருந்தே இருக்கிற விதி. நீ கேட்கிற பணம் கட்டடத்தை நடத்துகிறவரிடமிருந்தும் பார்க்கிங் ஒப்பந்தக்காரரிடமிருந்தும் வர வேண்டும், அந்த மனிதரின் சட்டைப்பையிலிருந்து வரக் கூடாது. அதையும் எழுதிவிடு.

இனி வேலை. டிக்கெட்டை கேட்டில் வாங்கிக்கொண்டார்கள் என்றாய், பரவாயில்லை. 60 ரூபாயை யூபிஐயில்தானே கட்டினாய்? யார் பெயருக்குப் போனது, எத்தனை மணிக்குப் போனது எல்லாம் அதில் இருக்கும். அதை எடுத்து வை. வண்டியைச் சுற்றிலும் பகல் வெளிச்சத்தில் போட்டோ எடு. அந்த இடத்துக்கு ஒருமுறை நடந்துபோய் கம்பத்தையும், அதன் அடியில் ரப்பர் இருக்கிறதா இல்லையா என்பதையும், தரையில் லூப் அறுத்த கோட்டையும், பார்க்கிங் ஒப்பந்தக்காரர் பெயர் போட்ட பலகையையும் படம் பிடி. ஷோரூமில் எழுத்து மூலமாக எஸ்டிமேட் வாங்கு. வாய்ச்சொல் எஸ்டிமேட் எதற்கும் உதவாது. பக்கத்து ஸ்டேஷனில் ஒரு மனு கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்கினாலும் நல்லது.

எல்லாவற்றுக்கும் முன்னால் கேமராப் பதிவு. புதுப் பதிவு ஏற ஏற பழையது அழிகிற மாதிரிதான் கேமராப் பெட்டியை வைத்திருப்பார்கள். நாள், நேரம், வண்டி எண், எந்த கேட் என்று குறிப்பிட்டு, பதிவைப் பாதுகாத்து வைக்கவும், நகல் தரவும் கேட்டு நாளைக்கே மேனேஜரிடம் தாள் கொடு. நகலில் சீலும் கையெழுத்தும் வாங்கு. வாங்க மறுத்தால் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பு, மின்னஞ்சலும் போடு. பதிவை அவர்கள் தராவிட்டாலும், கேட்ட பிறகும் ஏன் அழிந்தது என்று அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டி வரும்.

'உரிமையாளர் பொறுப்பில் நிறுத்தவும்' என்று சுவரில் எழுதியிருக்கிறது, கேட்டு என்ன பயன் என்றாய். 1998-ல் டெல்லி தாஜ்மகால் ஓட்டலில் ஒருவர் சாவியைக் கொடுத்துவிட்டுப் போன மாருதி ஜென் கார் திருடுபோனது. சீட்டில் இதே வாசகம்தான் இருந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. தன் கவனக்குறைவுக்கான பொறுப்பை ஒரு சீட்டு வாசகத்தால் உதறிவிட முடியாது என்று 2019 நவம்பரில் தீர்ப்பு வந்தது. உன் விஷயம் முழுக்க அதே இல்லை. அங்கே சாவியே அவர்கள் கையில் இருந்தது, உன் சாவி உன்னிடம் இருந்தது. ஆனால் இறங்கிய கம்பம் யார் கையில் இருந்தது? அந்த ஒரு கேள்வியிலேயே நில்.

இன்சூரன்ஸை அவசரப்பட்டுத் தொடாதே. நாலு வருஷமாக க்ளெய்ம் இல்லாததால் உனக்கு 45 சதவீதம் போனஸ் ஓடுகிறது. ஒரு க்ளெய்ம் போட்டால் அது பூஜ்யமாகும். தேய்மானக் கழிவு இல்லாத பாலிசி எடுத்திருக்காவிட்டால் பிளாஸ்டிக், ரப்பர் சாமான்களுக்குப் பாதிதான் தருவார்கள், அது போகக் கட்டாயக் கழிவு 1,000 ரூபாயோ 2,000 ரூபாயோ என்ஜின் அளவைப் பொறுத்து உன் தலையில் விழும். வேறு வழியில்லாமல் போட வேண்டி வந்தால் போடு, ஆனால் அதே செலவை இரண்டு பக்கமும் வாங்கக் கூடாது. அப்போது கேட்க வேண்டியது உன் கையிலிருந்து போனதும் போனஸ் இழப்பும் மட்டும்தான்.

கடிதத்துக்கு 15 நாள் கெடு வை. பதில் வராவிட்டால் 1915-க்கு போன் செய். தேசிய நுகர்வோர் உதவி எண் அது, தமிழிலேயே பேசலாம். அதிலும் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி நீ குடியிருக்கிற மாவட்டத்திலேயே மனு போடலாம், வக்கீல் கட்டாயமில்லை, இணையத்திலும் தாக்கல் செய்யலாம். கட்டணம் எவ்வளவு என்பது நீ அந்தச் சேவைக்குக் கொடுத்த தொகையை வைத்துத்தான். 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது, நீ கொடுத்தது 60 ரூபாய். எதிர்த்தரப்பு 30 நாளில் பதில் போட வேண்டும், மிஞ்சினால் இன்னும் 15 நாள், அதற்கு மேல் இல்லை என்று 2020-ல் அரசியல் சாசன அமர்வே உறுதியாகச் சொல்லிவிட்டது. வழக்கு நீளலாம், அதை உன்னிடம் மறைக்கவில்லை. மூன்று மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டத்தில் இருந்தாலும் நடப்பில் கூடுதலாகத்தான் ஆகிறது. ஆனால் ஒழுங்காக ஒரு கடிதமும் எஸ்டிமேட்டும் போய்ச் சேர்ந்தாலே பல இடங்களில் பேச வருவார்கள். வந்தால் மரியாதையாகப் பேசு, எழுத்தில் முடித்துக்கொள்.

மனு போட இரண்டு வருஷம் அவகாசம் உண்டு. அதை நம்பி இருந்துவிடாதே, கேமராப் பெட்டி இரண்டு வாரம்கூடக் காத்திருக்குமோ என்னவோ.

பணத்தோடு இன்னொன்றையும் கேள். பழுது சரியாகும்வரை அந்த கேட்டில் தானியங்கியை நிறுத்திவிட்டு ஆளை வைத்துக் கம்பத்தை ஏற்றி இறக்கச் சொல். பழுது பார்த்த ரசீதின் நகலையும் கேள். உன் காருக்கு வரும் பணத்தைவிட இதுதான் எனக்கு முக்கியம். அந்த வழியில் தினமும் எத்தனை பேர் குழந்தையை முன்னால் வைத்துக்கொண்டு பைக்கில் போகிறார்கள்.

பாப்பா பயந்திருக்கிறாளா? ராத்திரி எழுந்து அழுகிறாளா? உன் மனைவியிடம் எனக்கு ஒரு போன் போடச் சொல். அம்மாவுக்கு இப்போது முட்டிவலி கொஞ்சம் தேவலை. கார் விஷயத்தை அவர்களிடம் இன்னும் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே.

நாளைக்குக் காலை ஆபீஸ் போகும் முன் அந்தத் தாளைக் கொடுத்து, சீல் வைத்த நகலை வாட்ஸாப்பில் எனக்கு அனுப்பு. நான் பத்து மணிக்குப் பார்ப்பேன்.

அன்புடன்,
அக்கா