நின்று கேட்கும் இசை

1895-ஆம் ஆண்டு இலண்டனில் தொடங்கி, 1941-இல் இராயல் ஆல்பர்ட் மண்டபத்திற்குக் குடிபுகுந்த 'புரோம்ஸ்' இசைவிழாவில், குறைந்த கட்டணம் செலுத்துவோர் நின்றுகொண்டே இசை கேட்பது மரபு. முதன்முறையாக அங்குச் செல்லும் வாய்ப்புக் கிட்டியபோது, மகிழ்ச்சியோடு அச்சமும் எழுந்தது. நெடுநேரம் நின்றால் மயங்கிவிழும் உடல்வாகு என்னுடையது. பலர் முன்னிலையில் விழுவோமோ என்ற கூச்சம் அதனினும் பெரிது.

மருத்துவர் தடை விதிக்கவில்லை. அசையாது நிற்கையில் குருதி கால்களில் தேங்கி, மூளைக்குச் செல்வது குறைகிறது என விளக்கினார். போதிய நீர் அருந்தவும், குதிகால்களை அடிக்கடி உயர்த்தித் தாழ்த்தவும், தலை சுற்றினால் நாணாது உடனே அமரவும் பணித்தார். உடன்வரும் நண்பரிடமும் யாவற்றையும் கூறிவிட்டேன். வாயிலருகே நிற்கவும் முடிவு செய்துள்ளேன்.

அன்பர்களே, உடற்குறையை மறைத்துச் செல்வோர் தமக்கும் பிறர்க்கும் இடர் விளைவிக்கின்றனர். முன்னரே சொல்லிவைப்போர் அமைதியாக இசை கேட்கலாம்.