கோப்பிக்கு அவசரம் ஆகாது

இரவுப் பணியிலுள்ள பத்திரிகைக்காரனைக் கடைசிப் பக்கம் அச்சுக்குப் போகும்வரை விழித்திருக்க வைப்பது கோப்பிதான். முப்பது ஆண்டுகளாக நான் குடித்த கோப்பிக்குக் கணக்கில்லை. சூடாகவும் கடுமையாகவும் இருந்தால் போதும். சுவையைப் பற்றி யோசித்ததேயில்லை.

கடந்த ஆண்டு வைத்தியர் என் குருதி அமுக்கத்தைப் பார்த்துவிட்டு, நாளுக்கு ஒன்றோடு நிறுத்தச் சொன்னார். அந்த ஒன்றாவது நல்லதாக இருக்கட்டும் என்று வெளிநாட்டிலுள்ள மகள் ஒரு மோக்காப் பாத்திரம் அனுப்பினாள். 1933இல் இத்தாலியின் அல்போன்சோ பியலெற்றி அறிமுகப்படுத்திய, எட்டுப் பட்டை கொண்ட அலுமினியப் பாத்திரம் அது. யேமனின் மோக்காத் துறைமுகத்தின் பெயரைத் தாங்கியது. அதனை உலகறியச் செய்த அவரது மகன் ரெனாற்றோ 2016இல் காலமானபோது, அவரது அஸ்தியைப் பெரியதொரு மோக்காப் பாத்திரத்திலேயே இட்டார்கள்.

கீழே நீர், நடுவே தூள், மேலே வெறும் பாத்திரம். கீழே எழும் ஆவியின் அமுக்கம் சுடுநீரைத் தூளினூடாக மேலே தள்ளுகிறது. இவ்வளவுதானே என்று எண்ணி, அடுப்பை முழுவதுமாக எரியவிட்டுப் பத்திரிகையை விரித்தேன்.

"இஞ்சாருங்கோ, உங்கட கோப்பி சீறுது!" என்று மனைவி கூவியபோது குசினியெங்கும் கருகல் மணம். மூன்று நாட்களும் இதே கதை. வாயில் வைக்க முடியாத கசப்பு.

நான்காம் நாள்தான் அம்மாவின் நினைவு வந்தது. ஊரில் அவர் கோப்பிக்கொட்டையை மல்லி, வேர்க்கொம்புடன் வறுத்து உரலில் இடிப்பார். வறுத்து முடியும்வரை அடுப்படியை விட்டு அசையமாட்டார். "கருகினாப் பிறகு இறக்கி என்ன பிரயோசனம்?" என்பார். கொழும்புக்குத் திரும்பும் காலைகளில் அந்தக் கோப்பியைத்தான் ஆற்றித் தருவார். வான் வந்துவிட்டதென்று பாதியில் வைத்துவிட்டு ஓடியிருக்கிறேன். "குடிச்சிட்டுப் போவன், தம்பி" என்ற குரல் பின்னால் கேட்கும்.

இப்போது கொதிநீரையே கீழ்ப்பாகத்தில், அங்குள்ள வால்வுக்குச் சற்றுக் கீழே நிற்கும்படி ஊற்றுகிறேன். தூளை நிரப்பி மட்டப்படுத்துவேன்; அழுத்துவதில்லை. மூடியைத் திறந்துவைத்து, சிறு தீயில் பார்த்தபடியே நிற்பேன். கோப்பி தேன்போல மெல்ல ஊறிவரும். நிறம் வெளிறிச் சீறத் தொடங்குமுன் இறக்கி, அடிப்பாகத்தைக் குழாய்நீரில் பிடித்தால் ஊற்று நின்றுவிடும்.

மூன்று 'கப்' பாத்திரம் என்கிறார்கள். எங்கள் வீட்டுக் குவளையில் பாதிதான் வருகிறது. அதை இருந்து, கடைசிச் சொட்டுவரை குடிக்கிறேன். அம்மா இருந்தபோது இந்தப் பொறுமை வரவில்லை.