எந்தக் கை?

முப்பத்தோர் ஆண்டுகள் செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். அவற்றுள் பதினான்கு ஆண்டுகள், சென்னையில் ஒரு மருத்துவமனையின் குழந்தைகள் புற்றுநோய்ப் பிரிவில் கழிந்தன. "இத்தனை பிள்ளைகளின் மௌத்தைப் பார்த்தும் எப்படித்தான் தாங்கிக்கொண்டீர்களோ!" என்று திருமண வீடுகளில் சகோதரிகள் என்னிடம் வியந்து கேட்பதுண்டு. நான் தாங்கிக்கொண்ட கதையைவிட, தாங்க முடியாமல் ஓடி ஒளிந்த கதையைச் சொல்வதே நேர்மை என்று தோன்றுகிறது.

1997ஆம் ஆண்டு. தென்கடலோர ஊர் ஒன்றிலிருந்து ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியை எங்கள் வார்டில் சேர்த்தார்கள். இரத்தப் புற்றுநோய். வாப்பா சவூதியில் இருந்தார். உம்மாவும் பாட்டனாரும் மட்டுமே துணை. அவளுடைய பெயரை இங்கே நான் எழுதவில்லை. அது அவளைப் பெற்றவர்களுக்கு உரியது.

அந்த நோய்க்குக் கொடுக்கும் மருந்துகளுள் ஒன்று மெதோட்ரெக்சேட். நோய் மூளையில் போய்ப் பதுங்கிவிடக் கூடாது என்பதற்காக, முதுகின் கீழ்ப்பகுதியில் ஊசி குத்தி, தண்டுவடத்தைச் சூழ்ந்த நீரில் அதைச் செலுத்துவார்கள். அப்போது பிள்ளை அசையக் கூடாது. முழங்கால் மார்பைத் தொடும்படி சுருட்டி, அணைத்துப் பிடித்துக்கொள்வது செவிலியரின் வேலை. வலிக்கு உடந்தையாக இருப்பவளும் நானே. அந்த வலியில் பிள்ளை பற்றிக்கொள்வதும் என் கையைத்தான். முதல் வாரம் என்னைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டவள், மூன்றாம் வாரத்தில் "ராத்தா வந்தாத்தான் ஊசி" என்று அடம்பிடித்தாள்.

குத்திக் குத்தி நரம்புகள் ஒளிந்துகொண்ட நாட்களில், அவளுக்கு ஓர் உரிமை கொடுத்திருந்தேன். "எந்தக் கை?" என்று கேட்பேன். இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்து, தீர்ப்புச் சொல்லும் நீதிபதியைப் போல் ஒன்றை நீட்டுவாள். தன் உடம்பின்மீது எந்த உரிமையும் இல்லாமற்போன ஒரு பிள்ளைக்கு, அந்தச் சின்னஞ்சிறு உரிமை எவ்வளவு பெரிது என்பதை அவளிடம்தான் கற்றேன்.

அந்த மருந்தை உருவாக்கிய ஆய்வுக் குழுவை அமெரிக்காவில் வழிநடத்திய எல்லாப்பிரகடா சுப்பாராவ், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அதே இனத்தைச் சேர்ந்த மற்றொரு மருந்தால் இரத்தப் புற்றுநோய் சிறிது காலம் தணிகிறது என்று 1948இல் பாஸ்டன் நகரின் டாக்டர் சிட்னி ஃபார்பர் வெளியிட்டார். அதற்கு முன்னர் அந்நோய் கண்ட பிள்ளைகளின் ஆயுள் பெரும்பாலும் சில வாரங்கள், அல்லது சில மாதங்களே. இன்றோ வசதி மிக்க நாடுகளில், சிறுவர்களை அதிகம் தாக்கும் இரத்தப் புற்றுநோய் வகையிலிருந்து பத்தில் ஒன்பது பிள்ளைகள்வரை பிழைத்துக்கொள்கிறார்கள். எங்கள் வார்டிலிருந்தும் எத்தனையோ பிள்ளைகள் நலம் பெற்று வீடு திரும்பினார்கள். அவள் திரும்பவில்லை.

மருந்தின் கடுமையால் இரத்தத் தட்டணுக்கள் குறைந்துபோயின. தட்டணுக்களை அதிக நாட்கள் சேமித்து வைக்க இயலாது. ஆகவே இரத்த வங்கிகளில் எப்போதும் தட்டுப்பாடுதான். பாட்டனார் பணம் புரட்ட ஊருக்குப் போயிருந்தார். பக்கத்துக் கட்டில் பிள்ளையின் பாட்டியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, டாக்டர் எழுதிய சீட்டுடன் அந்த உம்மாவே இரவில் வேறொரு மருத்துவமனைக்குப் புறப்பட்டார். "சிஸ்டர், பிள்ளையைப் பாத்துக்கிடுங்க" என்றார். "நான் இருக்கிறேன், போய் வாருங்கள்" என்றேன்.

நள்ளிரவுக்குப் பின் அவள் கண் விழித்தாள்.

"உம்மா எங்கே, ராத்தா?"

"உனக்கு இரத்தம் வாங்கப் போயிருக்காங்க. இப்போ வந்துடுவாங்க."

"எந்தக் கையில ஏத்துவீங்க?"

"நீயே சொல்லு."

சற்று யோசித்து இடக்கையை நீட்டினாள். அதைப் பற்றிக்கொண்டேன். கண்களை மூடினாள். அதன் பிறகு அவள் விழிக்கவில்லை. தலைக்குள் இரத்தம் கசிந்துவிட்டது. டாக்டர்கள் எவ்வளவோ போராடினார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

பையை நெஞ்சோடு அணைத்தபடி உம்மா வார்டுக்குள் நுழைந்தபோது, நான் துணிகள் வைக்கும் அறைக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டேன். என்னைத் தேடி வந்த மேலதிகாரி, "நர்ஸ் அழலாமா? முகத்தைக் கழுவிக்கொண்டு வேலையைப் பார்" என்றார். முகத்தைக் கழுவிக்கொண்டு வேறு வார்டுக்குப் போய்விட்டேன். அந்தத் தாயின் முகத்தில் விழிக்கவேயில்லை.

நான்கு மாதங்கள் கழித்து அவர் கணவருடன் வந்தார். வார்டு வாசலில் அவரைக் கண்டதும், மறு படிக்கட்டு வழியாக நழுவிவிடத்தான் எண்ணினேன். அதற்குள் பார்த்துவிட்டார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும் சிஸ்டர். கடைசியில என்னைத் தேடினாளா?"

இல்லை, தூக்கத்திலேயே போய்விட்டாள் என்று சொல்லிவிட நாக்கு துடித்தது. ஆனால், பெற்றவளிடம் பொய் சொல்ல மனம் ஒப்பவில்லை. "தேடினாள்" என்று தொடங்கி, நடந்ததை ஒரு சொல் விடாமல் சொன்னேன். அவர் அழுதுகொண்டே கேட்டார்:

"எந்தக் கையை நீட்டினா?"

"இடக்கை."

அதைப் பற்றியிருந்த என் கையை எடுத்துத் தம் கண்களில் ஒற்றிக்கொண்டார். "பயந்து கத்தியிருப்பாளோன்னு நாலு மாசமாத் தூங்கல" என்றார். அவள் வாப்பா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டிருந்தார்.

சகோதரிகளே! அன்றுதான் என் தவறு எனக்கு விளங்கிற்று. அழுதது தவறன்று. தம் சின்னஞ்சிறு மகன் இப்ராஹீமின் இறுதி வேளையில் நபி (ஸல்) அவர்களே கண்ணீர் சிந்தினார்கள். தாங்களுமா என்று தோழர் அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) வியந்தபோது, அது இரக்கம் என்றே விளக்கினார்கள். என் தவறு ஓடி ஒளிந்ததுதான். அந்தக் கடைசி நிமிடங்களைக் கண்டவள் நான். அவை என்னிடம் ஒப்படைக்கப்பட்ட அமானத். உரியவரிடம் சேர்க்காமல் நான்கு மாதங்கள் வைத்துக்கொண்டு, ஒரு தாயின் உறக்கத்தைப் பறித்துவிட்டேன்.

அதன் பிறகு, பெற்றோர் அருகில் இல்லாத வேளையில் பிள்ளைகள் சொன்னதையும் கேட்டதையும் ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதி வைக்கலானேன். பெற்றவர்கள் கேட்டாலும் கேட்காவிட்டாலும், தக்க வேளை பார்த்துச் சொல்லிவிடுவேன். பல முறை அவர்களோடு சேர்ந்து அழுதிருக்கிறேன். அதனால் என் வேலை ஒரு நாளும் கெட்டதில்லை.

பிள்ளையை இழந்த வீட்டுக்கு நீங்கள் துக்கம் விசாரிக்கச் செல்லும்போது, "அழாதே, பொறுமையாக இரு" என்பதோடு எழுந்து வந்துவிடாதீர்கள். அந்தப் பிள்ளையைப் பற்றி உங்களுக்கு நினைவிருக்கும் ஏதேனும் ஒன்றை, அதன் பெயர் சொல்லிக் கூறுங்கள். மறந்திருந்த துக்கத்தைக் கிளறிவிடுவோமோ என்று அஞ்ச வேண்டாம். பெற்றவர்கள் எதையும் மறப்பதில்லை. தம் பிள்ளையின் பெயரைச் சொல்ல இன்னொருவர் இருக்கிறாரா என்றுதான் ஏங்குகிறார்கள்.