ஒரே ரயில், இரண்டு சீட்டு

பிரித்தானியாவில் ஒரே ரயிலில், ஒரே பெட்டியில், அருகருகே அமர்ந்து ஒரே ஊருக்குப் பயணம் செய்யும் இருவர் தமது பயணச்சீட்டுகளை ஒப்பிட்டுப் பார்த்தால் அநேகமாக ஒருவரின் முகம் கறுத்துவிடும். ஒருவர் கொடுத்த கட்டணம் மற்றவர் கொடுத்ததன் இரு மடங்காகவும் இருக்கலாம். இருவரும் சட்டத்துக்கு அமைவாகவே சீட்டு வாங்கியிருப்பார்கள் என்பதுதான் வேடிக்கை.

தூரத்தையும் வகுப்பையும் பார்த்து அரசாங்கம் கட்டணம் நிர்ணயிக்கும் ஒரு நாட்டில், கோட்டைப் புகையிரத நிலையத்தின் யன்னல் வழியாகக் காசை நீட்டிச் சீட்டு வாங்கிப் பழகியவர்கள் நாம். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு எடுக்கும் சீட்டை அநுராதபுரத்தில் இரண்டாகப் பிரித்தால் மலிவாக இருக்குமா என்ற கேள்வி நமக்கு எழுவதேயில்லை. ஆனால் லண்டனிலிருந்து பிரிஸ்டலுக்குச் செல்பவர் இடையிலே உள்ள டிட்கொற் வரை ஒரு சீட்டும், டிட்கொற்றிலிருந்து பிரிஸ்டலுக்கு இன்னொரு சீட்டும் எடுத்தால் பல வேளைகளில் பணம் மிஞ்சுகிறது. ரயில் மாற வேண்டியதில்லை. இருக்கையை விட்டு எழும்ப வேண்டியதுமில்லை.

லண்டனில் வசிக்கும் என் சகோதரியின் மகள் முதன்முதலாக இதை எனக்குச் சொன்னபோது நான் தயங்கினேன். “மாமா, இது கள்ளவேலை இல்லை. அவையின்ர விதியிலேயே இருக்கு” என்றாள். பத்திரிகைக்காரனுக்கு வாய்ச்சொல் போதாதே. தேடி வாசித்தேன். அவள் சொன்னது சரி. பிரித்தானிய ரயில்வேயின் பயண நிபந்தனைகளில் 14ஆவது நிபந்தனை, ஒரே பயணத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட சீட்டுகளைப் பயன்படுத்துவதை வெளிப்படையாகவே அனுமதிக்கிறது. ஒரு சீட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் நிலையத்தில் ரயில் தரித்துச் செல்ல வேண்டும் என்பதே பிரதான கட்டுப்பாடு. நிற்காமல் கடந்துபோகும் ரயிலில் அந்தச் சீட்டுகளுடன் ஏறினால் பரிசோதகரிடம் அகப்பட்டுக்கொள்வீர்கள். இங்கிலாந்தில் 2023 ஜனவரி முதல் தண்டப்பணம் 100 பவுண். அதற்கு மேல் பயணக் கட்டணமும் உண்டு. 21 நாட்களுக்குள் செலுத்தினால் தண்டம் பாதியாகும்.

இந்த விநோதம் எப்படி உருவாயிற்று? தூரத்துக்கேற்ற கட்டணம் என்ற பழைய முறையை பிரித்தானிய ரயில்வே 1960களின் இறுதியிலேயே கைவிட்டுவிட்டது. எந்தப் பாதையில் எவ்வளவு கொடுக்க மக்கள் தயாராக இருக்கிறார்களோ அவ்வளவு என்பதே அதன் பின்னர் கணக்கு. 1993ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் ரயில்வே தனியார்மயப்படுத்தப்பட்டபோது, ஒவ்வொரு வழித்தடத்தின் கட்டணத்தையும் ஏதோ ஒரு நிறுவனம் நிர்ணயிக்கும் நிலை வந்தது. நீண்ட பயணத்துக்கு ஒருவர் வைத்த விலைக்கும், அதன் துண்டுகளுக்கு வேறொருவர் வைத்த விலைக்கும் தொடர்பில்லாமற் போயிற்று. நெரிசல் நேரக் கட்டணம் இன்னொரு காரணம். காலையில் லண்டனில் புறப்படுபவர் முழுப் பயணத்துக்கும் கூடிய கட்டணம் செலுத்த வேண்டியிருக்கும். இடையிலுள்ள ஊரை ரயில் அடையும்போது நெரிசல் நேரம் கழிந்திருந்தால், அங்கிருந்து குறைந்த கட்டணச் சீட்டே போதும்.

அடுத்தது ரயில்காட் எனப்படும் சலுகை அட்டை. 16 முதல் 25 வயதுடையோர், 26 முதல் 30 வரையானோர், 60 வயதைத் தாண்டியோர், சேர்ந்து பயணிக்கும் இருவர், பிள்ளைகளுடன் செல்லும் குடும்பத்தினர் எனப் பலருக்கும் தனித்தனி அட்டைகள் உள்ளன. அநேகமானவை 2025 மார்ச்சில் 30 பவுணிலிருந்து 35 பவுணாக உயர்ந்தன. மாற்றுத்திறனாளிகளுக்கான அட்டை 20 பவுண். அதில் உடன் செல்லும் ஒருவருக்கும் கழிவு உண்டு. பொதுவாகக் கழிவு மூன்றிலொரு பங்கு. அதாவது வருடத்தில் 105 பவுணுக்குச் சீட்டு வாங்கினாலே 35 பவுண் அட்டையின் விலை திரும்பிவிடும். அதற்கு மேற்பட்டதெல்லாம் இலாபம். காலை நெரிசல் வேளையில் சில அட்டைகள் செல்லுபடியாகா என்பதை மட்டும் கவனிக்க வேண்டும். பிரித்து வாங்கும் ஒவ்வொரு சீட்டுக்கும் இந்தக் கழிவைப் பெறலாம்.

இவ்வளவும் தெரிந்தவருக்கு நல்லதுதான். தெரியாதவரின் நிலை என்ன?

எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் லண்டனின் ஹரோ பகுதியில் வசிக்கிறார். ஊரில் ஆசிரியையாக இருந்தவர். எழுபதை அண்மிக்கும் வயது. பிரிஸ்டலில் நோயுற்றிருந்த தன் தங்கையைப் பார்ப்பதற்காக ஒரு வருடத்துக்கும் மேலாக இரு வாரங்களுக்கு ஒருமுறை சென்று வந்தார். ஒவ்வொரு முறையும் நிலையத்து யன்னலில் முழுக் கட்டணம். முதியோர் அட்டை என ஒன்றிருப்பதை எவரும் அவருக்குச் சொல்லவில்லை. பேரப்பிள்ளைகளின் கைத்தொலைபேசிகளில் அத்தனை செயலிகளும் இருந்தன. ஆனால் பாட்டி எப்படிச் சீட்டு வாங்குகிறார் என்று எவரும் கேட்கவில்லை. யன்னலில் நீங்களாவது விசாரித்திருக்கலாமே என்றேன். “தம்பி, கனக்கக் கேட்டா காசில்லாத மனிசி எண்டு நினைப்பினம். பின்னால வரிசையும் நிக்கும்” என்றார்.

அந்தப் பதில் என்னை வெகுநாட்கள் விட்டகலவில்லை. பணம் போதாமல் தங்கையைப் பார்க்கும் பயணத்தை அவர் சில தடவைகள் தவிர்த்திருந்தார் என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். தங்கை இப்போது இல்லை. தவறிப்போன அந்தச் சந்திப்புகளின் விலையை எந்தக் கழிவு அட்டையும் திருப்பித் தராது.

திட்டமிட்டு, வாரக்கணக்கில் முன்னதாக, இணையத்தில் தேடி வாங்குபவருக்கே இந்தக் கட்டண முறை சலுகை காட்டுகிறது. மரணச் செய்தி கேட்டு அன்றிரவே கிளாஸ்கோவுக்கு ஓடுபவர்தான் அதிகம் கொடுக்கிறார். ஆங்கிலத்தில் கேள்வி கேட்கக் கூச்சப்படுபவரும் அவ்வாறே. அறியாமையின் மீது விதிக்கப்படும் வரி என்றே இதைச் சொல்ல வேண்டும். 2023இல் இங்கிலாந்தின் பெரும்பாலான பயணச்சீட்டு அலுவலகங்களை மூடும் திட்டம் முன்வைக்கப்பட்டபோது சுமார் 7,50,000 பேர் தமது கருத்துகளை அனுப்பினர். அவ்வருட ஒக்ரோபர் முடிவில் அத்திட்டம் கைவிடப்பட்டது. யன்னலுக்குப் பின்னால் ஒரு மனிதர் இருக்க வேண்டும் என்று அத்தனை பேர் கருதியது வீணான பழமைப் பற்று அல்ல.

2024இல் நிறைவேறிய சட்டத்தின்படி, 2025 மே முதல் ரயில் சேவைகள் ஒவ்வொன்றாக மீண்டும் அரச உடைமையாகி வருகின்றன. கட்டண முறையை எளிமையாக்குவோம் என்கிறார்கள். நடந்தால் நல்லது. ஆனால் அதுவரை இந்தச் சூத்திரத்தைத் தெரிந்து வைத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

சீட்டைப் பிரித்துத் தேடித்தரும் இணையத்தளங்கள் பல உள்ளன. சில, மிஞ்சும் பணத்தில் ஒரு பங்கைத் தமக்கு எடுத்துக்கொள்ளும். எந்த நிலையத்தில் பிரிக்கலாம் என்பதை அவற்றில் அறிந்து, யன்னலிலேயே அவ்விரு சீட்டுகளையும் கேட்டு வாங்கலாம். ஒரு குறிப்பிட்ட ரயிலுக்கென முன்கூட்டி வாங்கும் சீட்டு அந்த ரயிலுக்கு மட்டுமே செல்லும் என்பதை மறக்க வேண்டாம்.

இதை வாசிக்கும் இளையோருக்கு ஒன்று. உங்கள் வீட்டில் அறுபதைத் தாண்டிய தாயோ தந்தையோ தனியே ரயிலேறுபவராக இருந்தால், அவரது பணப்பையில் அந்த அட்டை இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். அவராக உங்களிடம் கேட்கமாட்டார்.